‘கு’ தீர்ந்துபோன வாரம்

நடிகையைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவனுக்கு நடிகையைத் தெரிந்திருக்க வேண்டாம். அவளைத் தனக்கு ரொம்ப நன்றாகத் தெரியும் என்று நம்புகிற வாசகனைத் தெரிந்திருந்தால் போதும். பேனா பிடித்து அடி வாங்கிய சகோதரர்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

ரப்பர் விலை படுத்துக்கிடந்த வருஷங்களில், மலாயாவில் பிரிக்பீல்ட்ஸில் ‘ஜிகினா’ என்ற வாரப் பத்திரிகைக்கு நான் உதவி ஆசிரியன். ஆசிரியர் என்று யாரும் கிடையாது. முதலாளி சொக்கலிங்கம், அச்சுக்கோக்கிற மாணிக்கண்ணே, நான், அவ்வளவுதான் ஆபீஸ். நாடகக்காரிகள், கிராமபோன் பிளேட்டில் பாடுகிறவர்கள், புதுசாக வந்த பேசும்படக்காரர்கள் எல்லாரும் என்ன உடுத்தினார்கள், எங்கே போனார்கள் என்பதுதான் சரக்கு. வேலை போனவர்களைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. ஊருக்குத் திரும்பினால் எனக்கு ஒண்ட ஒரு கூரை கிடையாது. முதலாளி அதைத் தெரிந்துகொண்டே முதல் நாளே சொன்னார்: “எந்த நடிகையாச்சும் உன்மேல கம்ப்ளெயின்ட் எழுதினா, அன்னிக்கே நாகப்பட்டினம் கப்பல்தான், ஞாபகம் வச்சுக்க.”

மூச்சு

எங்கள் நடை சாதாரண நடை இல்லை. ‘தாமரை வதனியும், தேன்மொழியாளும், சபையோர் சித்தத்தைச் சிறைகொண்டவருமான குமாரி செண்பகாவதி அவர்கள்’ என்று ஆரம்பித்தால், முற்றுப்புள்ளி அடுத்த பக்கத்தில்தான். இந்தச் செண்பகாவதிதான் அப்போது எங்கள் வாசகர்களின் உயிர். மதராஸ் நாடகக் கம்பெனியில் கதாநாயகி. அவர் பாடிய பிளேட் ஓடாத தோட்டம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்திங் பக்கத்திலிருந்து ஒரு கங்காணி பஸ் பிடித்து வந்தார். அவருடைய தோட்டத்துக்கே ஒரு ‘ஜிகினா’தானாம். அவர் தகர டின்மேல் ஏறி நின்று உரக்கப் படிப்பாராம், லயத்து ஜனம் மொத்தமும் உட்கார்ந்து கேட்குமாம். பாராட்ட வந்திருக்கிறார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவே இல்லை. “நல்லாத்தான் எழுதுறீங்க தம்பி, ஆனா அந்தம்மா மேடைக்கு வந்து சேர்றதுக்குள்ள எனக்கு மூச்சு போயிடுது. நடுவுல எங்கயாச்சும் ஒரு புள்ளி வைங்களேன்.”

நமது விசேஷ நிருபர்

மதராஸ் பத்திரிகைகள் கப்பலில் வந்து இறங்கும். நான் அதை வெட்டி, நேரில் போய்ப் பார்த்த மாதிரி எழுதி, ‘நமது விசேஷ நிருபர்’ என்று கீழே போடுவேன். இந்த வேலைக்கு வந்த பிறகு மேற்குப் பக்கம் கிள்ளானைத் தாண்டிய விசேஷ நிருபர் அல்ல நான். நடிகை வீடு எப்படி இருக்கும் என்று எனக்கென்ன தெரியும்? ‘புன்னகையோடு வரவேற்றுக் காபி கொடுத்து உபசரித்தார்’ என்று எழுதி ஒப்பேற்றிவிடுவேன்.

கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த மீனாட்சி அக்கா ஒரு வரி விடாமல் படிப்பவர். விளம்பரம் கேட்கப் போனபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார். உடம்பு இளைத்திருக்கிறேனே என்று கவலைப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். “நாலு வாரமா நாலு நடிகைங்க ஒங்களுக்கு வெறுங் காபிதான் குடுக்குறாங்க தம்பி. வாய்விட்டு ஒரு வீட்டுலயாச்சும் இட்லி கேளுங்களேன்.”

குங்குமம், குடை, குத்துவிளக்கு

அந்த அக்காவே எனக்கு எமனாக வந்தார். தீபாவளிக்கு ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்: குங்குமம், குடை, குத்துவிளக்கு, குண்டூசி, குழந்தைகள் குல்லாய். மாணிக்கண்ணே அதைக் கோத்து முடித்தபோது பெரிய எழுத்துப் பெட்டியில் ‘கு’ ஒன்றுகூட மிச்சமில்லை. நடிகைகளின் பட்டமும் பெயரும் அந்தப் பெரிய எழுத்தில்தான் கோப்பது வழக்கம். செண்பகாவதி மலாயாவுக்கு வரப்போகிற செய்தி இன்னும் பாக்கி. ‘குமாரி’க்கு எங்கே போவது? ‘ஸ்ரீ’ மட்டும் பெட்டி நிறையக் கிடந்தது. மனிதர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணமாகாத பெண்ணை ‘ஸ்ரீமதி செண்பகாவதி’ ஆக்கி, ஏழு இடத்தில் கோத்து, மெஷினில் ஏற்றிவிட்டார்.

பத்திரிகை போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அச்சுக்கோக்கிற இடத்துக்கு ஓடினேன். கத்தினேன். அண்ணே வெற்றிலையை நிதானமாக மடித்துக்கொண்டிருந்தார். “ரெண்டும் மரியாதைதானே லா. சும்மா ‘செண்பகாவதி’ன்னு மொட்டையா போட்டா நல்லாவா இருக்கும்?”

படத்தைத் திருப்பித் தந்தவர்

செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அந்த வாரம் முக்கால்வாசிப் பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்களாம். அங்கேயிருந்து ஒரு பிட்டர் வந்தார். ஆறடி ஆள், கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட படம். எங்கள் அட்டையில் வந்த செண்பகாவதிதான். சட்டத்தால் மண்டையில் போடப்போகிறார் என்று மேஜைக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டேன். அவரோ அதை வலிக்காத மாதிரி மேஜைமேல் வைத்தார், வேட்டி நுனியால் கண்ணாடியை ஒருமுறை துடைத்தார். “இனிமே இத என் ரூம்ல வச்சிருக்கிறது தப்புங்க. அடுத்தவர் சம்சாரம்.”

திருத்தம்

இதற்குமேல் தாங்காது என்று அடுத்த இதழில் பெரிய எழுத்தில் போட்டேன்: ‘செண்பகாவதி அவர்களுக்குத் தற்போது கணவர் இல்லை.’ சுருக்கமாக எழுதச் சொன்னார்களே என்று சுருக்கமாக எழுதினேன் சகோதரர்களே. ‘தற்போது’ என்ற அந்த வார்த்தையை எந்த நேரத்தில் சேர்த்தேனோ தெரியவில்லை.

காலையில் கதவைத் திறந்தால் ரயில்வே ஆபீஸ் கிளார்க் நிற்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் இருப்பவர், சந்தா கட்டி வாங்குபவர். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு இதழையும் என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். “தம்பி, போன கிழமை கட்டி வைச்சீர், இந்தக் கிழமை பிரிச்சு வைச்சீர். வாற கிழமை பிள்ளையோ?”

ஸ்ரீமதி

பத்தே நாளில் செண்பகாவதியின் கம்பெனி கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்கியது. முதலாளிக்கு மானேஜரிடமிருந்து ஒரு வரி: ‘அம்மாவைப் பற்றி எழுதியவரை அம்மா பார்க்க விரும்புகிறார்.’ முதலாளி என்னைப் பார்க்கக்கூட இல்லை. “மன்னிச்சேன்னு அந்தம்மா கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லேன்னா வரவே வேணாம், அங்கயே கப்பல் நிக்குது.” மாணிக்கண்ணே மட்டும் வாசல்வரை வந்து, தன் பெயரைச் சொல்லிவிடும்படி சொன்னார். அவருக்கு மூன்று பெண்கள். என்னால் எப்படிச் சொல்ல முடியும்?

கம்பெனி தங்கியிருந்த வீட்டில், படத்திலிருந்த தாமரை வதனி பாயில் உட்கார்ந்து மேடை ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். ஸ்ரீமதி என்று போட்டது யார் என்று கேட்டார். “நான்தாங்க” என்றேன். அவர் பல்லால் நூலைக் கடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். போன தடவை வந்தபோது பினாங்கிலிருந்து கிள்ளான்வரை ஊருக்கு ஊர் மாப்பிள்ளை வரிசை நின்றதாம், ஒருத்தர் ஜாதகத்தோடு ரயிலிலேயே ஏறிவிட்டாராம். என் திருத்தத்தை யாரும் நம்பவில்லை போலிருக்கிறது, இந்தத் தடவை மாலை கொண்டுவந்தவர்கள் எல்லாரும் தள்ளி நின்று “வணக்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். கையை நீட்டி, கையெழுத்துக்கு நான் கொண்டுபோயிருந்த காகிதத்தை வாங்கினார், ‘மன்னித்தேன்’ என்று எழுதவில்லை, ‘மிக்க நன்றி’ என்று எழுதினார். கையெழுத்தும் ஸ்ரீமதி செண்பகாவதி. எனக்கு அங்கேயே குதிக்கலாம் போலிருந்தது. “அப்படியே போட்டுக்கிட்டு வாங்க தம்பி. வீட்டுக்காரர் எங்கன்னு யாராச்சும் கேட்டா, சிங்கப்பூர் போயிருக்கார்னு எழுதிடுங்க.”

அதற்கப்புறம் நான் ‘ஜிகினா’வில் இருந்த அத்தனை வருஷமும், இல்லாத ஒரு மாப்பிள்ளையைச் சிங்கப்பூரில் வைத்துக் காப்பாற்றியது ஒன்றுதான் நான் எழுதியதிலேயே சம்பந்தப்பட்டவரைக் கேட்டு எழுதிய செய்தி.