நெத்திலி ஆயும் நேரம்

முத்தியால்பேட்டையில் அந்தத் தெருவுக்குப் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மீன் கொண்டுவருகிறவர் நாகராஜ். டி.வி.எஸ். வண்டி, பின்னால் ஐஸ் பெட்டி. தெருக்காரர்கள் யாரும் அவர் பேரைக் கேட்டதில்லை, மீன்காரர் என்றால் போதும். எல்லோரும் வஞ்சிரமோ சங்கராவோ வாங்குவார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையில் மகளோடு குடியிருக்கும் அமுதவல்லி மட்டும் ஐந்து வருஷமாக நெத்திலியைத் தவிர வேறு கேட்டதில்லை. வஞ்சிரம் என்றால் நாலு வெட்டில் வேலை முடிந்துவிடும். ஒரு கிலோ நெத்திலியைத் தலை கிள்ளி, குடல் எடுத்து ஆய்ந்து கொடுக்க அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணி நேரமும் அவர் அவளுடைய வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். அவர் அவளுக்குத் தாலி கட்டிய புருஷன்.

இது அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

நாகராஜின் வீடு பிள்ளைச்சாவடிக்குப் போகிற வழியில் ஒரு குப்பத்தில் இருக்கிறது. டவுனில் பஸ் ஏறினால் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு வரும், அப்புறம் மறுபடியும் புதுச்சேரி வரும். எந்த மகராசன் கோடு போட்டானோ, அவர் வீடு தமிழ்நாட்டுப் பக்கம் விழுந்துவிட்டது. மகள் தேவிப்பிரியா ஏழாவது படிக்கும்போதே நர்ஸ் ஆகப்போகிறேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். டவுனில் உள்ள அரசுக் கல்லூரியில் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குக் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். அதை வாங்க ஐந்து வருஷம் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். மூன்று பேருமாக வந்துவிடலாமே என்றால், குப்பத்து ரேஷன் கார்டில் பேரை எடுத்த அன்றைக்கே நாகராஜுக்கு அங்கே மீனவர் சங்கத்தில் இடம் போய்விடும், மீன்பிடித் தடைக்கால உதவிப்பணமும் போய்விடும். அப்புறம் எதை வைத்துச் சாப்பிடுவது? அதனால் அவர் அங்கேயே இருந்தார். அம்மாவும் மகளும் இங்கே வந்தார்கள்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிற ஒருவரிடம் அமுதவல்லி அப்போதே விவரம் கேட்டாள். "புருஷன் தமிழ்நாட்டுல இருக்காருன்னு எழுதினா ஃபைல் அங்கியே நின்னுடும்மா. வுட்டுட்டுப் பூட்டாருன்னு போடு. உன் பேர்லயே முடிஞ்சிரும்" என்றார் அவர். வீட்டுக்கார அம்மா தையல்நாயகி விசாரித்தபோதும் அமுதவல்லி அதையே சொன்னாள். தையல்நாயகி உச்சுக்கொட்டி, முன்பணம்கூட வாங்காமல் அறையைக் கொடுத்தாள். அதற்கப்புறம் அந்தப் பொய்யை எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பது?

அவள் பொய் சொல்லிப் பிழைத்தவள் இல்லை, மத்தியான ஷிப்டில் சோப்புக் கம்பெனியில் நின்றபடி பெட்டி ஒட்டிப் பிழைக்கிறவள். ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகிறவர்களை இரண்டாக வெட்டினால்தான் உள்ளே நுழைய முடியும் என்று அரசாங்கம் ஒரு காகிதத்தை அச்சடித்து வைத்திருக்கிறது. கோபப்படுகிறவர்கள் அந்தக் காகிதத்தின் மேல் கோபப்படட்டும்.

ஐந்து வருஷக் குடும்பமும் அந்த வாசற்படியில்தான் நடந்தது. வலை கிழிந்தது, கூரை ஒழுகியது, மகள் வாங்கிய மார்க்கு, எல்லாவற்றையும் குரல் உயராமல், மீனைவிட்டுப் பார்வை நிமிராமல் பேசிக்கொண்டார்கள். சண்டையைக்கூட அப்படித்தான் போட்டார்கள்.

இந்த வருஷம் தேவிப்பிரியா பிளஸ் டூ முடித்துவிட்டாள், நல்ல மார்க். வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் கைக்கு வராவிட்டால் விண்ணப்பம் போட முடியாது, சீட்டும் இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்தது. மறுநாள் காலை வி.ஏ.ஓ. நேரில் விசாரிக்க வருகிறாராம். மறுநாள் புதன்கிழமை. அமுதவல்லி உடனே நாகராஜுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு இந்தப் பக்கமே வராதீங்க."

"சரி, வரல" என்றார் அவர்.

வி.ஏ.ஓ. செந்தமிழ்ச்செல்வி பத்து மணிக்கு வந்தார். அதட்டாமல் பேசுகிற, ஆனால் எதையும் விடாமல் பார்க்கிற பெண். வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஃபைலைப் பிரித்து, கேஸ் சிலிண்டர் புத்தகம், பள்ளிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. அமுதவல்லிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் டி.வி.எஸ். ஹாரன் கேட்டது.

தையல்நாயகி வீட்டுக்குச் சம்பந்தி வருகிறார்கள். விடிந்ததும் விடியாததுமாக அவள் மீன்காரருக்குப் போன் பண்ணி இறால் சொல்லியிருக்கிறாள். கட்டாயம் வேண்டும் என்று அவள் நிற்க, அவருக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. இறாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பியவரைத் தையல்நாயகியே பிடித்து நிறுத்தினாள்.

"இன்னாப்பா ஓடுற? அமுதாவுக்கு நெத்திலி ஆஞ்சு குடுத்துட்டுப் போ. எப்பவும் பண்றதுதான?"

இனிமேல் போனால்தான் சந்தேகம். நாகராஜ் வந்து படியில் உட்கார்ந்தார். அமுதவல்லி அவரைப் பார்க்காமல் சட்டியை நீட்டினாள்.

"வீட்டுக்காரர் எப்ப போனாரு?" என்று வி.ஏ.ஓ. கேட்டார்.

"அஞ்சு வருஷம் ஆவுது மேடம்."

"வந்து போறது உண்டா?"

"இல்ல மேடம்."

தையல்நாயகி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். நல்ல மனசுக்காரி, அதுதான் வினை. "ஒரு நாளு எட்டிப் பாத்ததில்லம்மா. பெத்த பொண்ணு மொகங்கூட அவனுக்கு மறந்திருக்கும். அவன்லாம் ஒரு ஆம்பளையா?"

படியில் விரல்கள் ஒரு நொடி நின்று, மறுபடியும் நெத்திலித் தலையைக் கிள்ளத் தொடங்கின.

தேவிப்பிரியா தண்ணீர் கொண்டுவந்து வி.ஏ.ஓ.விடம் கொடுத்தாள். அவளுக்கு அப்படியே அப்பன் மூக்கு. வி.ஏ.ஓ. பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு படியைப் பார்த்தார். மறுபடியும் பெண்ணைப் பார்த்தார்.

"நீங்க எத்தன வருஷமா இந்தத் தெருவுக்கு வர்றீங்க?"

"அஞ்சு வருஷமா மேடம்" என்றார் நாகராஜ்.

"இவங்க வீட்டுக்காரரு இங்க வந்து பாத்திருக்கீங்களா?"

அவர் கையில் இருந்த மீனை ஆய்ந்து முடித்து, சட்டியில் போட்டார்.

"இல்ல மேடம். பாத்ததில்ல."

"உங்க பேரு?"

மடியில் விரித்திருந்த ஃபைலில் கணவர் பெயர் நாகராஜ் என்று அமுதவல்லியின் கையெழுத்திலேயே இருந்தது.

"கலியமூர்த்தி" என்றார். செத்துப்போன அவர் அப்பாவின் பெயர் அது.

வி.ஏ.ஓ. எதையோ எழுதினார். புரிந்து எழுதினாரோ, புரியாமல் எழுதினாரோ, கடைசியில் கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடினார். "வெள்ளிக்கிழம வந்து வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தையல்நாயகி தெருமுனை வரைக்கும் அவரோடு பேசிக்கொண்டே போனாள்.

நாகராஜ் எழுந்து கையைக் கழுவினார். சட்டியில் பாதி நெத்திலி ஆயாமல் கிடந்தது. அந்த ஐந்து வருஷத்தில் அப்படிப் பாதியில் அவர் எழுந்ததில்லை. இப்போது பக்கத்தில் ஆள் யாரும் இல்லை, மெதுவாகப் புருஷனாகவே பேசியிருக்கலாம்.

"மீதிய நீங்களே ஆஞ்சுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

உள்ளே தேவிப்பிரியா கதவைச் சாத்திக்கொண்டாள். அமுதவல்லி படியில் உட்கார்ந்து மிச்சத்தை ஆய்ந்தாள். தையல்நாயகி திரும்பி வந்து, "பாவி, பொண்ணு இவ்ளோ நல்லாப் படிக்குது, இதப் பாக்கக் குடுத்து வெக்கல பாரு" என்றபோது, ஆமாம் என்று தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை சான்றிதழ் வந்தது. பச்சை மையில் கையெழுத்து, வட்டமான முத்திரை. அன்று மத்தியானமே விண்ணப்பமும் போட்டாயிற்று. ஆபீஸுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்று அமுதவல்லி போன் போட்டாள்.

"வந்துடுச்சுங்க."

"கையில வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன். பாப்பா உங்கள்ட்ட பேசணுமாம்."

"அப்புறமா பேசுறேன்." பின்னால் அலைச்சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கெழம வருவீங்கல்ல? நெத்திலி எடுத்துட்டு வாங்க."



"நெத்திலி வேணாம் அமுதா" என்றார். "வஞ்சிரம் எடுத்தாறேன். நாலு வெட்டு. குடுத்துட்டுக் கெளம்பிடுவேன்."