மஞ்சள் கோடு இல்லாத வண்டி

யூசுப் பாய் போய்விட்டார் என்ற செய்தி வந்த நேரத்தில் நான் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்புறம் இருக்கும் எங்கள் பட்டறையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு, அவருக்கு வாங்கிவைத்த டீயும் ஆறிப்போய், இந்த மனுஷனுக்கு இன்றைக்கும் விடியவில்லையா என்று போன் போட்டேன். எடுத்ததும், "இன்னா பாய், எங்க கீற?" என்று கத்தினேன். எதிர்முனையில் அவருடைய மனைவி. "அண்ணே, சுபுஹு தொழுகைக்கு எழுந்து, கைகால் கழுவி ஒளு செய்யப் போனாரு. அப்படியே உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள மௌத்தாயிட்டாருண்ணே" என்றார். கத்திய வாயை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு அந்த ஆறின டீயைக் குடித்தேன்.

அன்று சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு பூந்தமல்லியில் அடக்கம். நம் கார்க் குழுவிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தீர்கள். எல்லாருடைய வண்டியும் தெருவையே எழுப்பும் வண்டி. ஆனால் யாரும் சொல்லாமலே தெருமுனையில் இன்ஜினை அணைத்துவிட்டு நடந்து வந்தீர்கள். நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதிப்பவர்களை அவருக்கு ஆகவே ஆகாது. "சும்மா உறுமாதடா, நாய்கூட காரணமில்லாம உறுமாது" என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பார்!

குழுவின் சிறப்பு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்குக் குழாய் வளைக்கத் தெரியும், வெல்டு வைக்கத் தெரியும், எழுத்து வராது. ஆனால் அவரோடு ஒரே பட்டறையில் தினமும் சண்டை போட்ட ஆள் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினில் எரிந்த புகை வெளியே வரும் முதல் குழாயைக் கம்பெனிக்காரன் குறுகலாக வைத்து அனுப்புவான். அதைக் கழற்றிவிட்டு, நீளமான ஸ்டீல் குழாய்களை வளைத்துச் சேர்த்து மாட்டினால் அதற்குப் பெயர் ஹெட்டர். அது என் வேலை. புகை தடையில்லாமல் போவதால் இன்ஜின் கூடுதலாகக் காற்றை இழுக்கும். அதற்குத் தக்கபடி பெட்ரோல் எவ்வளவு, அதைப் பற்றவைக்கும் பொறி எப்போது என்று வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை மாற்றி எழுத வேண்டும். அந்தக் கணக்கைத்தான் மேப் என்கிறோம். அது பாயின் வேலை. ஹெட்டர் போதும், மேப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "ஊட்டு வாசலை அகலம் பண்ணிட்ட, ஆளு கூட்டமா வருவான். பழைய அளவுக்கே உலை வச்சா பந்தியில சோறு பத்துமா?"

ஒரு வெள்ளிக்கிழமை ஆவடியிலிருந்து வந்த ஒரு தம்பிக்கு ஹெட்டர் மாட்டி முடித்தேன். இன்ஜினைப் போட்டதும் சத்தம் கணீரென்று வந்தது. அவனுக்கு வாயெல்லாம் பல். மேப் வேண்டாம், நண்பர்கள் காத்திருக்கிறார்கள், கிளம்புகிறேன் என்று குதித்தான். எனக்கும் இடத்தைக் காலி செய்தால் போதும். ஆனால் சாவியைக் காணோம். பட்டறையையே புரட்டிப் போட்டோம். அவன் என்னைத் திட்ட, நான் அவனைத் திட்ட, அடிதடி ஒன்றுதான் பாக்கி. ஜும்மா தொழுகை முடிந்து பாய் நிதானமாக உள்ளே வந்தார். "சாவி எங்க பாய்?" என்றேன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, "நானும் சாவியும் போய் தொழுதுட்டு வந்தோம்" என்றார். பிறகு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் லேப்டாப்பைத் திறந்தார். மேப் போட்ட வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த அந்தத் தம்பி, அடுத்த வாரம் அண்ணனின் வண்டியையும் கொண்டுவந்து விட்டான்.

பெரிய இடங்களில் வண்டியை உருளைமேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அளக்கும் எந்திரம் இருக்கிறது. எங்களிடம் அது கிடையாது. வெளிவட்டச் சாலையில் நெமிலிச்சேரிப் பக்கம் போவோம். ஸ்டீயரிங்கில் நான்; இடப்பக்கம் மடியில் லேப்டாப்போடு அவர். ஒரே வேகத்தில் என் கால் அசையாமல் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குள் அவர் எண்ணைத் திருத்துவார். "புடி. அங்கியே புடி. அசங்காத மச்சான்" என்று முணுமுணுத்துக்கொண்டே வருவார். நான் சாம்பாரில் உப்பு குறைந்தால் தட்டை நகர்த்துகிற ஆள். "உனக்குனு ஆண்டவன் குடுத்த பொறுமை மொத்தமும் வலது காலுக்குப் போயிடுச்சு" என்று என் மனைவி சொல்வாள். அந்தக் காலைப் பழக்கியவர் பாய்.

அவர் தப்பே செய்யாதவர் என்று எழுதினால் கபரிலிருந்து எழுந்துவந்து என்னைத் திட்டுவார். பட்டாபிராமில் ரயில்வேக்காரர் ஒருவரின் வண்டியில் அவர் செய்த தப்பை அவரே எல்லாரிடமும் சொல்வார். புது ஹெட்டர் ஒரு தடவை நன்றாகச் சூடேறி ஆறினால், இடையில் வைக்கும் கேஸ்கெட் தகடு அமுங்கி நட்டுகள் லேசாகத் தளரும். ஆறவிட்டு மறுபடி டைட் வைத்த பிறகுதான் மேப்பைத் தொட வேண்டும். அன்று நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது என்று அவர் அவசரமாக அந்த டைட்டை விட்டுவிட்டு மேப் போட்டுவிட்டார். கொஞ்ச நாளில் வண்டி கறுப்புப் புகையோடு திரும்பி வந்தது. பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தார். டிக், டிக், டிக். தளர்ந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று குழாய்க்குள் புகுந்திருக்கிறது. புகையை முகர்ந்து பார்க்கும் சென்சார் அதைப் பார்த்து, காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொய்க்கணக்குக் காட்டியிருக்கிறது. இவர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டி எழுதிவிட்டார்.

"நான் ஓட்டைக்கு மேப் போட்டுகீறேன் மச்சான், வண்டிக்குப் போடல" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"பங்க்ல ஊத்துன பெட்ரோல் சரியில்லனு சொல்லிடு பாய். ஊர்ல எல்லாரும் அதான சொல்றான்" என்றேன். அவர் என்னை முறைத்தார். அன்றே பட்டாபிராமுக்குப் போய், அந்த ரயில்வேக்காரர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "தப்பு என்னுது சார். மொத்தத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து எழுதித் தரேன்" என்றார். திரும்பி வரும் வழியில், தப்பான எண்ணை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். "பொய்ய நம்பி எழுதுன கணக்குல எது நெஜம், எது பொய்யினு எனக்கே தெரியாது. அதுக்கு ஒட்டுப் போடக் கூடாது, அழிச்சுடணும்" என்றார்.

அன்றிலிருந்து ஆறவைத்து டைட் வைக்கும் வேலையை வேறு யாரிடமும் விடமாட்டார். வைத்து முடித்ததும் பெயின்ட் பேனாவால் ஒவ்வொரு நட்டுக்கும் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு போடுவார். உங்கள் வண்டிகளில் அந்தக் கோடு இருக்கும். போய்ப் பாருங்கள்.

அவர் கடைசியாகத் தொட்டது பாரதியின் வண்டி. கொரட்டூரில் இருந்துகொண்டு வங்கியில் வேலை பார்க்கும் பெண். விடுமுறை நாள்களில் மைதானத்தில் நடக்கும் கார்ப் பந்தயங்களில் ஓடும். அதுவரை கடன் வாங்கின வண்டிகளில்தான் ஓடியிருக்கிறது. முதல்முறையாகச் சொந்த வண்டியில் ஓடப் பெயர் கொடுத்திருந்தது. ரோட்டுக்குப் போகுமுன் பட்டறையில் நிறுத்தியபடியே பாய் மேப்பைப் பாதிவரை எழுதிவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு இறங்கினார். "வாயு மச்சான். ஒரு சோடா குடிச்சா சரியாப் பூடும். மீதிய நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார். நான்தான் சோடா வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலையில்தான் அந்த போன்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பாரதி வந்தது. பாதி மேப்போடு முழு வேகத்தில் ஓட்டினால் இன்ஜினுக்கு உத்தரவாதம் இல்லை. அதனால் முகப்பேரில் மேப் போடும் ஸ்டீபனை வரவழைத்தேன். திறமைசாலி; உருளை எந்திரத்திலேயே பழகினவன். "பாய் ஃபைல எடுத்து வச்சுட்டு, நான் முதல்லேர்ந்து எழுதிடுறேண்ணா" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "டேய், அது அவர் கடைசியா எழுதுனது. ஒரு எண்ணத் தொட்ட, கைய ஒடச்சிருவேன். உட்ட எடத்துலேர்ந்து முடி" என்றேன். பாரதியும், "பாய் போட்ட மேப்லதாண்ணா ஓடணும். இல்லனா இந்தத் தடவ நான் ஓடவே இல்ல" என்றது. ஸ்டீபன் லேப்டாப்பை மாட்டினான். நான் சாவியைத் திருகினேன்.

டிக், டிக், டிக்.

"லீக் அடிக்குதுண்ணா" என்றான் ஸ்டீபன்.

"போடா, பாய் பார்த்த வண்டிடா இது" என்று சொல்லிக்கொண்டேதான் டார்ச்சை எடுத்தேன். எந்த நட்டிலும் மஞ்சள் கோடு இல்லை. ஸ்பேனர்கூட வேண்டியிருக்கவில்லை. ஒரு நட்டு என் விரலுக்கே திரும்பியது.

டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன். பாய், ரோட்டில் போகிற குட்டியானை லோடு வண்டியின் சத்தத்தை வைத்தே உள்ளே இருந்தபடி எந்த நட்டு லூசு என்று சொல்லும் ஆள். அன்று பிற்பகல் முழுக்க இந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவருக்கு அது கேட்கவில்லை. ஆறவைக்கவில்லை, டைட் வைக்கவில்லை, கோடு போடவில்லை. அவருக்கு வந்தது வாயு இல்லை என்று இந்த வண்டி அன்றைக்கே சொல்லியிருக்கிறது. கிரைண்டர் சத்தத்தில் இருந்த எனக்கு அது கேட்கவில்லை. அழுகை வந்தது. அந்தப் பிள்ளைகள் எதிரிலேயே அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அழிச்சுடு" என்றேன்.

"நெஜமாவாண்ணா?" என்றான் ஸ்டீபன். பாரதி வேண்டாம் என்று தலையாட்டியது. பட்டாபிராம் கதையைச் சொன்னேன். "அவரு இருந்தா அவரே அழிச்சிருப்பாரும்மா. அது உன் வண்டியோட கணக்கு இல்ல, ஓட்டையோட கணக்கு" என்றேன். பாரதி குனிந்து அந்த லூசான நட்டைத் தன் விரலாலும் திருகிப் பார்த்தது. பிறகு, "அழிச்சுடுங்க ஸ்டீபன்" என்று அதுவே சொன்னது.

சூடாக்கி, ஆறவைத்து, டைட் வைத்து, அவருடைய மஞ்சள் பேனாவை எடுத்து நானே கோடு போட்டேன். என் கோடு கோணல்தான். ஸ்டீபன் தன் எந்திரத்தில் ஏற்றலாம் என்றான். நான் ரோட்டுக்கே கூட்டிப்போனேன். இடப்பக்கம் அவன். புடி என்று சொல்ல அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லாமலே என் கால் அசையாமல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பாரதி ஓடியது. பரிசு ஒன்றும் வரவில்லை. வண்டி ஒரு பொட்டு கறுப்புப் புகைகூட விடவில்லை.

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கமும் மஞ்சள் பேனாவும் இப்போது என்னிடம் இருக்கின்றன. இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது. ஸ்டீபன் இப்போது எங்கள் பட்டறைக்கு வந்துபோகிறான். போன வாரம் ஒரு வண்டியில் பெல்ட் கிறீச்சிட்டது. அவன் கவனிக்காமல் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தான். பழைய ஆளாக இருந்தால் காது இல்லையாடா என்று கத்தியிருப்பேன். இன்ஜினை அணைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னாடா, உடம்பு நல்லா கீதா?"

"ஒண்ணும் இல்லண்ணா. காலைலேர்ந்து லேசா தலவலி. டீ குடிச்சா சரியாப் பூடும்."

டீ வாங்கிக் கொடுக்கவில்லை. பாரதியின் வண்டி வேலை முடிந்து, பாயின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோது அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "முந்தின நாளு உங்ககிட்ட எதுனா சொன்னாராண்ணே?" ஸ்டீபனை வண்டியில் ஏற்றி, நேராக டாக்டரிடம் கூட்டிப்போனேன். சாதாரணத் தலைவலிதான் என்று டாக்டர் சொல்லும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.