இன்ஜெக்டருக்கு வைத்த பொட்டு

மகளின் நகப்பூச்சுப் புட்டியை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய், வண்டியில் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களுக்குப் பொட்டு வைத்தேன். நான்கு இன்ஜெக்டர், நான்கு சிவப்புப் பொட்டு. பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாளா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். அன்று காலை வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பம்ப் கடையில் விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது. டீசல் பம்பும் இன்ஜெக்டரும் மட்டும் பார்க்கிற கடை. அதை நடத்தியவரை நாங்கள் பம்ப் அண்ணாச்சி என்போம். நல்லவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னதே எனக்கு உறுத்தியது.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தார். ஒரு லீவில் வந்தபோது அந்தப் பழைய பிக்கப்பை வாங்கி, எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். வத்திராயிருப்புத் தோப்புகளிலிருந்து ராஜபாளையம் மண்டிக்குத் தேங்காய் ஏற்றுவேன், சீசனில் மாங்காய். ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் பிழைப்பு நின்றது. பொம்பளை ஓட்டுகிற வண்டி என்றால் பட்டறையில் சிலருக்கு ஒரு சிரிப்பு வரும். ஒரு தடவை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வாங்கியபோது, புதுசாகப் போட்ட பேட்டரி போய் யாருடையதோ பழசு உட்கார்ந்திருந்தது. கேட்டதற்கு, "ஒங்க வண்டியில இதுதாங்கா இருந்துச்சு" என்று முகம் மாறாமல் சொன்னார்கள். அதற்குப் பிறகு யார் பானட்டைத் திறந்தாலும் அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டேன், கையைத்தான் பார்ப்பேன்.

அந்த வருஷம் வண்டிக்கு இழுவை குறைந்துவிட்டது. தோப்பிலிருந்து ஓடையில் இறங்கி ஏறும் மண்மேட்டில், முழு லோடோடு பாதியில் திணறி, கரும்புகையைக் கக்கிக்கொண்டு பின்னால் உருண்டது. டயருக்குக் கல் வைத்துப் பாதித் தேங்காயை இறக்கிய பிறகுதான் ஏறியது. ராஜபாளையத்தில் ஒரு பட்டறைக்காரர் பார்த்தார். என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவைப் பெரிதாகப் போட்டு, பம்பில் டீசல் அளவையும் கூட்டி வைத்தால் வண்டி பறக்கும் என்றார். வீட்டுக்காரரும் போனில் நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு, "ஏட்டி, அதையே போட்டுரு" என்றார். எதற்கும் இன்னொருவரிடம் கேட்போம் என்றுதான் பம்ப் அண்ணாச்சியிடம் போனேன்.

அவர் என்ஜினை உறுமவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். டர்போவிலிருந்து காற்றுப் போகும் ரப்பர் குழாயைத் தடவிப் பார்த்தார். "தாயி, இது தெனமும் லோடு அடிக்கிற வண்டி. பெரிய டர்போ போட்டா பலம் வரும், இல்லங்கல. அம்புட்டு சூட்ட இந்த ரேடியேட்டர் தாங்குமா? கிளட்ச் தாங்குமா? இருக்கிற பலம் எங்க ஒழுகுதுன்னு மொதல்ல பாப்போம். பொறவு ஒவ்வொண்ணா மாத்துவோம். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துனா, எது கெடுத்துச்சுன்னு எனக்கே தெரியாது."

குழாய் வெடித்திருக்கிறது, இன்ஜெக்டர் நுனியில் இருக்கிற நாசில் தேய்ந்திருக்கிறது, இரண்டையும் மாற்றினால் போதும் என்றார். வந்த பெரிய வேலையை வேண்டாம் என்கிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. இதற்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று பட்டது. இன்ஜெக்டரைக் கழற்றுகிற சாக்கில் மாற்றிவிடுவார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதற்குத்தான் பொட்டு.

சாயங்காலம் போனபோது வண்டி தயாராக நின்றது. நேராகப் பானட்டைத் தூக்கினேன். ஒரு பொட்டுகூட இல்லை.

"என் இன்ஜெக்டர் எங்க அண்ணாச்சி?"

"அதுலதான் இருக்கு தாயி. நாசில் மட்டுந்தான் புதுசு."

"நான் அடையாளம் வச்சிருந்தேன். காணல. யாரை ஏமாத்தப் பாக்கிய?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "தின்னர்ல கழுவி, கம்பி பிரஷ் போட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான்" என்று மெதுவாகச் சொன்னார். நான் நம்பவில்லை. குரலை இன்னும் உயர்த்தினேன். மூன்று பிக்கப் வைத்திருந்த தேங்காய் மண்டிக்காரர் ஒருவர், தன் பம்பைக் கழற்றக் கொடுத்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து, "பம்பு கெடக்கட்டும், நான் பொறவு வாரேன்" என்று சொல்லி அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். அப்போது எனக்கு ஜெயித்தது போலத்தான் இருந்தது.

மறுநாள் ஓடை மேட்டை வண்டி முழு லோடோடு ஏறியது, புகையே இல்லை. அதிலும் எனக்குச் சந்தேகம்தான்: யார் வண்டியில் கழற்றியதை இதில் மாட்டினாரோ! இரண்டு வாரம் கழித்து வீட்டுக்காரரிடம் போனில் இதைச் சொன்னபோது, "மூணாவது இன்ஜெக்டர் தலையில ஸ்பேனர் வழுக்கி நான் விட்ட வெட்டு ஒண்ணு இருக்குமே, பாத்தியா?" என்றார். போனைக் காதில் வைத்தபடியே போய்ப் பார்த்தேன். வெட்டு இருந்தது. என் விரலால் தடவியும் பார்த்தேன்.

மண்டிக்காரரிடம் போய், நான் சொன்னது தப்பு என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "என்னம்மா, அவிய வந்து சமாதானம் பண்ணிட்டாகளோ?" என்று சிரித்தார். அதற்குள் வண்டி ஸ்டாண்டுவரை பேச்சு பரவியிருந்தது; அங்கேயும் போய்ச் சொன்னேன். அங்கும் அதே சிரிப்பு. நான் தப்பாகச் சொன்னதை ஒரே பேச்சில் நம்பியவர்கள், திருத்திச் சொன்னதை நம்பத் தயாராக இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

கடைசியில் அண்ணாச்சியிடமே போனேன். கடையில் வேலை குறைந்திருந்தது கண்ணில் பட்டது. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"ஒருத்தராவது நம்புனாகளா?"

"இல்ல அண்ணாச்சி."

"நம்பமாட்டாக" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பானட்டைத் திறந்து, "ரேடியேட்டர் அடச்சிருக்கு, அடுத்து அதப் பாப்போம்" என்று வேலையைப் பேச ஆரம்பித்துவிட்டார். அந்த வருஷம் பெரிய ரேடியேட்டர், அடுத்த வருஷம் டர்போக் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலர். பெரிய டர்போ போடவே இல்லை. ராஜபாளையத்துக்காரர் சொன்னது தவறா, அல்லது அவரையும் நான் வீணாகச் சந்தேகப்பட்டேனா என்று இன்றுவரை தெரியாது. வண்டி இன்றும் ஓடுகிறது.

அதற்குப் பிறகு அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். புள்ளி குத்துகிற உளி ஒன்றையும் சின்னச் சுத்தியலையும் கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். வண்டி கொண்டுவருகிறவர்கள் தங்கள் சாமானில் தாங்களே அடையாளம் குத்திவிட்டுத்தான் போகவேண்டும், இல்லையென்றால் வேலையைத் தொடமாட்டார். இரும்பில் குத்திய புள்ளியை எந்தத் தின்னரும் அழிக்காது.

போன வாரம் ஆயில் மாற்றப் போயிருந்தேன். கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து முதல் தடவை வந்திருந்த ஒரு டிரைவர், குனிந்து புள்ளி குத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அண்ணாச்சி உள்ளே போனதும், "ஏங்கா, வாசல்ல உளிய கட்டித் தொங்கவிட்டிருக்காரே, முன்ன எப்பவோ திருடி மாட்டிக்கிட்டிருப்பாரோ?" என்று காதோரம் கேட்டார்.

"மாட்டிக்கிட்டது அவரு இல்ல தம்பி" என்றேன். "நான்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தன் வண்டியின் சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்.