கோயில் யன்னலை உடைத்தவனைக் கண்டேன்

எண்பதுகளின் கடைசியில், நாங்கள் அகதிகளாக வந்திருந்த வால்தம்ஸ்டோவில் இருந்த ஒரு கத்தோலிக்கக் கோயிலின் வரலாற்றைத் தமிழில் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. ஐரிஷ்காரரான பங்குச் சுவாமியார்தான் கேட்டார். அங்கே மாதமொருமுறை தமிழ்ப் பூசை நடந்தது. எங்கள் ஆட்களும் அந்தக் கோயிலின் கதையை அறிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. அகதி வழக்கு முடியாமல் வீட்டுக்குள் அடைந்துகிடந்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மனைவி பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் கோயிலின் பழைய பங்குக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். திடீரென யன்னல் கண்ணாடி நொறுங்கியது. எட்டிப் பார்த்தேன். பச்சை ஜாக்கெட் போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் இரண்டாவது செங்கல்லை ஓங்கியபடி, எங்களை ஊருக்குப் போகச் சொல்லிக் கத்தினான். என்னைக் கண்டதும் ஓடிவிட்டான். முகம் நன்றாகத் தெரிந்தது.

பொலிஸ் வந்தது. சீருடையைக் கண்டதும் மனைவியின் பக்கத்தில் போய் ஒதுங்கினேன். மன்னாரில் சீருடைக்காரர் பெயர் கேட்டுக் கூட்டிப்போன என் தம்பி திரும்பி வரவேயில்லை.

யாராவது கண்டீர்களா என்று பொலிஸ்காரர் கேட்டார். மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"வாய் திறக்காதேங்கோ. பேர் குடுத்தா இமிகிரேஷனுக்குப் போகும். திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"ஓம்," என்று அவளுக்குத் தலையாட்டிவிட்டு, பொலிஸ்காரரிடம் கையை விரித்தேன்.

பொலிஸ் போனபின் மறுபடி குறிப்புகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அந்தக் கோயிலைக் கட்டியவர்கள், எங்களைப்போல அந்நியராக வந்த ஐரிஷ் கூலியாட்கள். அவர்கள் காலத்துச் சுவாமியார் எழுதியிருந்தார்: யன்னல்கள் மறுபடியும் உடைக்கப்பட்டன, கண்டவர்கள் இருக்கிறார்கள், சொல்லத்தான் எவருமில்லை. அந்த வரியைத் தமிழில் எழுதப் பேனாவை எடுத்தேன். முடியவில்லை.

ஞாயிறு முழுவதும் நானும் மனைவியும் சாப்பிடவில்லை. திங்கள் காலை, "நான் போய்ச் சொல்லப்போறன்," என்றேன். அவள் அழுதாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, "தனியப் போக ஏலாது, நானும் வாறன்," என்றாள். பொலிஸ் நிலையத்தில் என் பெயரையும் விலாசத்தையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அவன் பிடிபட்டான். வழக்கில் நானும் சாட்சி சொன்னேன். எங்களைத் தேடி இமிகிரேஷன்காரர் ஒருவரும் வரவில்லை. அதன்பின் மூன்றாம் வருடம் இங்கே தங்க அனுமதியும் கிடைத்தது. ஆனாலும் கதவு மணி அடித்தால், நெடுங்காலம் வரைக்கும், மனைவி முதலில் விளக்கைத்தான் அணைப்பாள்.