இரண்டு சொட்டு

எழுபதுகளின் கடைசி. என் கணவருக்கு மில்லில் வேலை, ரெட்டியார்பாளையத்தில் குடியிருந்தோம். ஒன்றரை வயதாகியும் எங்கள் மகன் கால் ஊன்றி நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மேரி அக்கா, பிரான்சில் இருந்த தன் தம்பியிடம் சொல்லி ஒரு வைட்டமின் பாட்டிலை வரவழைத்துக் கொடுத்தார். "தெனம் ரெண்டே சொட்டுதான் குடுக்கணும்" என்று ஊற்றியும் காட்டினார்.

ஒரே மாதத்தில் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்குப் பேராசை வந்துவிட்டது. இரண்டு சொட்டுக்கே இப்படி என்றால்! அதுவும் பிரான்சு சரக்கு. தினமும் கால் ஸ்பூன் ஊட்ட ஆரம்பித்தேன்.

மூன்று வாரத்தில் ஓயாத வாந்தி, தீராத தாகம். கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "வீட்ல எதனா மருந்து குடுத்தியாம்மா?" என்று டாக்டர் தினமும் கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

மூன்றாம் நாள் காலை, தலையணைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்து ஸ்பூனில் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

"என்னம்மா இது?"

"மருந்து இல்ல சார். சத்துதான்."

பாட்டிலைப் படித்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு சொட்டு வரைக்கும்தாம்மா இது சத்து" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். சிறுநீரகம் மட்டும் பழையபடி ஆகவில்லை.

அந்த மூன்று நாளும் நான் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன்.