எலும்புப் பிடி

செஞ்சி திண்டிவனம் ரோட்டில் பெயின்ட் கடை வைத்திருக்கும் ஆதிநாதன், மேல்சித்தாமூர்ப் பக்கத்து நயினார் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, தண்ணீரைக்கூட வடிகட்டிக் குடிக்கிற ஜைன வீடு. அந்த வீட்டு மனிதருக்குப் பிடித்த பைத்தியத்தைப் பாருங்கள், பழைய சவரக்கத்தி! பிளேடு மாற்றாமல், தீட்டித் தீட்டியே வேலை வாங்குகிற அந்தக் காலத்து மடக்குக் கத்தி. அவலூர்பேட்டைச் சந்தையோ, பழைய இரும்புக் கடையோ, எங்கே ஒன்று துருப்பிடித்துக் கிடந்தாலும் ஆள் ஆஜர். அதன் துருவைத் தேய்த்து, அலகைப் பளபளவென்று ஆக்கி, கண்ணாடி பீரோவில் அடுக்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

ஆனால் கொள்கை கொள்கைதான். கத்தி தீட்டும் தோல் வாரைத் தொடமாட்டார், மகனின் கிழிந்த ஜீன்ஸ் துணியை இழுத்துக் கட்டி அதில்தான் தீட்டுவார். கத்தியின் பிடி கொம்பாகவோ எலும்பாகவோ இருந்தால், முதல் வேலையாக ஆணியைத் தட்டிக் கழற்றிவிடுவார். இருட்டுவதற்குள் அது வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். மனைவி லீலாவதியின் சட்டம் அது. ஒரு உயிரின் மிச்சத்தைக் குப்பையில் போட அவருக்கும் மனசு வராது. மந்திரம் சொல்லி, சங்கராபரணி ஆற்றில் விட்டுவிட்டு வருவார். அப்புறம் வேப்பங்கட்டையில் புதுப் பிடி. பாவத்தைக் கழித்துப் பொருளை மட்டும் காப்பாற்றுகிறோம் என்று உள்ளூர ஒரு பெருமை வேறு.

கார்த்திகை மாதம், நல்ல மழை. மணிமொழி கடைக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டு அருகே சலூன் வைத்திருந்த துரைக்கண்ணுவின் மனைவி. ஊரில் யார் செத்தாலும் கடைசியாக முகம் மழித்துவிட்டது துரைக்கண்ணுவின் கைதான். கொரோனாவில் அவன் போனபோது அவன் முகத்தை மழிக்க ஆளில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பிளாஸ்டிக்கில் சுற்றி நேரே சுடுகாட்டுக்கு எடுத்துப்போனார்கள். பெண்டாட்டிக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. சலூனும் கைமாறிவிட்டது. அவன் தன் முகத்துக்கென்று வைத்திருந்த கத்தி ஒன்றுதான் அவளிடம் மிச்சம்.

“துரு ஏறிக்கினே போவுது சார். இப்படியே வுட்டா ஒண்ணுமில்லாம பூடும். அத்த மட்டும் நிறுத்திக் குடுங்க.”

“இன்னாம்மா நீ, புதுசாட்டம் ஆக்கிக் குடுக்கறேன். கவலப்படாம போ.”

புதுசு வேண்டுமென்று அவள் கேட்கவே இல்லை. அவர் காதில் அது ஏறினால்தானே?

அன்று சாயங்காலமே ஆணியைக் கழற்றினார். எலும்புப் பிடியின் ஒரு பக்கம் வழவழவென்று குழி விழுந்திருந்தது. தேய்ந்துபோன பிடி, கழிக்க வேண்டியதுதான் என்று நினைத்தார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், போன் நம்பர் கையில்தான் இருந்தது. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, அதுதான் கொடுமை. ஆறு செக்கச் செவேலென்று கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. கைகூப்பிவிட்டுப் பிடியைப் போட்டார்.

மறு வாரம் மணிமொழி வந்தாள். அலகில் முகம் பார்க்கலாம், அவ்வளவு சுத்தம். அவள் அலகைப் பார்க்கவில்லை. புதுப் பிடியின்மேல் கட்டைவிரலை வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“பழைய புடி எங்க சார்?”

“அது எலும்பும்மா, எங்க வூட்ல வச்சிக்க மாட்டோம். ஆத்துல வுட்டுட்டேன். இது வேம்பு, காலத்துக்கும் உழைக்கும்.”

“அதுல அவரு வெரலு தேஞ்ச எடம் இருந்திச்சே சார். நானு தெனம் அதுல வெரல வச்சிக்கினுதான் படுப்பேன்.”

தண்ணி வத்தட்டும், இறங்கித் தேடிப் பாக்கறேன் என்று ஆதிநாதன் என்னவோ உளறினார். அந்த வெள்ளத்தில் போனதைத் தேடுவதாவது! அவருக்கே தெரியும். அவள் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“அன்னிக்கு அவர எடுத்துக்கினு போனப்பவும் என்ன யாரும் ஒரு வார்த்த கேக்கல சார்.”

கத்தியை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.