ஒரே கொன்ட்ரோலரில் இரண்டு பேர்

என் கணவருக்கு வலது கை வேலை செய்யாது. எனக்கு வாள் சண்டை தெரியாது. ஆகவே ஒரு கொன்ட்ரோலரை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, ரீவிக்கு முன்னால் உட்கார்ந்து, பழைய ஜப்பானில் ஆட்களை வெட்டிக்கொண்டிருந்தோம். இடப்பக்கக் குமிழ் அவர் கையில். ஆளை நடத்துவது அவர் பொறுப்பு. வலப்பக்கப் பொத்தான்கள் என் கையில், வெட்டுவது நான்.

விளையாட்டு மகன் விட்டுப்போனது. வைக்கோல் தொப்பி போட்ட ஒருவன் நீண்ட வாளோடு ஊர் ஊராகப் போகிறான். கோட்டை வருகிறது, மூங்கில் காடு வருகிறது, பனி கொட்டுகிறது. கொம்பு வைத்த தலைக்கவசங்களோடு ஆட்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். வெட்டினால் விழுகிறார்கள், விழுந்து மறைகிறார்கள், வேறு ஆட்கள் வருகிறார்கள். யாரோ ஒரு பிரபுவை யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்களாம். அதற்கு மேல் எனக்கு விளங்கவில்லை, விளங்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.

மகன் வீட்டிலிருந்த காலத்தில் இதற்கு முன்னால்தான் கிடப்பான். இவர் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்ததும் ஒரு சொல்லும் சொல்லாமல் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிவிடுவார். இழுவைப் படகில் சுக்கான் பிடித்தவர். பெரிய பெரிய மாவுக் கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் இறங்குதுறை மேடையில் கட்டிவைக்கிற வேலை. மகனையும் துறைமுகத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று யார் யாருடைய வாசலிலோ நின்று ஓர் இடம் பிடித்துவைத்திருந்தார். நேர்முகத் தேர்வு நடந்த நாளில் மகன் கொழும்பில் ஜப்பான் மொழிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். பிறகு ஜப்பானுக்குப் போய்விட்டான். அங்கே ஒரு சிறிய பட்டணத்தில் வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில் வேலை. குளிக்கவார்க்கிறான், சோறு ஊட்டுகிறான், புரட்டிப் படுக்கவைக்கிறான்.

அன்றிலிருந்து தகப்பன் மகனோடு கதைப்பதில்லை. போன் அடித்தால் முற்றத்துக்குப் போய் நின்றுகொள்வார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்து, முற்றத்துக்குப் போக ஏலாமல் போன பிறகு கண்ணை மூடிக்கொள்வார். நித்திரை என்று நாங்கள் நம்பவேண்டும்.

அவர் விழுந்த நாளில் நான் அழவில்லை. அம்புலன்ஸ் வாசலில் நிற்க நான் அவருடைய செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு சனம் பிஸ்கற் பெட்டிகளோடு வந்து என் தோளில் விழுந்து அழுதது. அவர்கள் அழ, தேத்தண்ணிக்குப் பால்மா எல்லாருக்கும் போதுமா என்று நான் யோசித்தேன். துணிச்சல்காரி என்று சொன்னார்கள். துணிச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உள்ளே ஏதோ நின்றுபோயிருந்தது. அதைப் பார்க்க எனக்கு நேரமும் இருக்கவில்லை.

மகனுடைய ஒப்பந்தம் முடியும் காலம் வந்தது. திரும்பக் கையெழுத்து வைக்கச் சொல்லி அங்கே கேட்கிறார்கள் என்றான்.

"அப்பா ஒருக்கா வா எண்டு சொன்னாரெண்டால் வந்திடுவன் அம்மா," என்றான்.

"நான் சொல்லுறன். வா."

"நீங்கள் எப்பவும்தானே சொல்லுறீங்கள். அப்பா சொல்லட்டும்."

இவரிடம் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, நாக்கு புரளாத புதுக் குரலில், "போகத் தெரிஞ்சவனுக்கு வரத் தெரியாதோ?" என்றார். தகப்பனும் மகனும் ஒரே அச்சு. ஒருவர் கேட்கமாட்டார், மற்றவன் கேட்காமல் வரமாட்டான். எனக்கு மகன் வீட்டுக்கு வரவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஆசையைக்கூட அக்கம்பக்கத்து வீட்டுச் சாமானைப் பார்ப்பதுபோலத்தான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தருகிற சிங்களப் பிள்ளை, கைக்குள் வைத்து அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்து தந்தது. இவர் அதை இடக்கையால் எடுத்து வெளியே எறிந்தார். வாசல் படலைக்குக் கீழால் உருண்டு போனதை, எங்கள் ஊர்த் தெருவெல்லாம் திரிகிற மான்களில் செவ்வரத்தைப் பூத் தின்ன வந்த ஒன்று மணந்து பார்த்துவிட்டு விட்டுப்போனது. அடுத்த முறை போனபோது அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த தமிழில், "ஐயாவுக்கு என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டது.

"ஆக்களை ஏசுறது," என்றேன்.

சிரித்துவிட்டு, விரல் அசைகிற எந்த வேலையும் நல்லதுதான் என்றது. அதனால்தான் மகனுடைய விளையாட்டுப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தேன். இரண்டு கையாலும் பிடிக்கிற சாமான் வீட்டில் வேறு இருக்கவில்லை.

கொன்ட்ரோலரை மடியில் வைத்ததும், "இது அவன்ர," என்றார்.

"ஓம், அவன்ரதான். கடிக்காது, பிடியுங்கோ."

இடது பெருவிரல் குமிழில் பட்டதும் திரையில் வைக்கோல் தொப்பிக்காரன் இரண்டு அடி நடந்தான். இவர் விரலை எடுத்தார். அவன் நின்றான். திரும்ப வைத்தார், நடந்தான். "சொல்லுக் கேக்கிறான்," என்றார். தன் உடம்பே சொல்லுக் கேட்காமல் படுத்த பிறகு அவருக்கு அடங்கிப்போன முதல் ஆள் அவன்தான். வலக்கை விரல் பொத்தானில் கிடந்தது, ஆனால் அமுக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

அங்கேதான் தொல்லை தொடங்கியது. இழுவைப் படகில் ஒரு முறை உண்டு. சுக்கான் பிடிக்கிறவர் ஒருவர், பின்னால் கொக்கியடியில் கயிற்றோடு நிற்கிறவர் இன்னொருவர். சுக்கான்காரர் சொல்லாமல் கொக்கியடிக்காரர் கயிற்றைத் தொடக்கூடாது. "விடு" என்று சொன்னால், "விடுறன்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் விடவேண்டும். பிழைத்தால் கயிறு அறுந்து ஆளுடைய காலைக் கொண்டுபோய்விடும். அவர் அப்படியொன்றைக் கண்ணால் கண்டவர். ஆகவே இங்கேயும் அதே சட்டம்.

"வெட்டும்."

"வெட்டுறன்."

அதன் பிறகுதான் நான் பொத்தானை அமுக்கலாம். ஒருமுறை அவசரப்பட்டு அமுக்கிவிட்டேன். குமிழிலிருந்து விரலை எடுத்து, அத்தனை எதிரிகளுக்கும் நடுவில் எங்கள் ஆளைச் சும்மா நிற்கவைத்துச் சாகவிட்டார், எனக்குப் பாடம் படிப்பிக்க. காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவள், கொக்கியடிக்காரியாகி வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மத்தியானங்களில் எங்கள் வீட்டைக் கடந்து போகிறவர்களுக்கு "வெட்டும், வெட்டுறன்" என்று கேட்டிருக்கிறது. ஆடு அடிக்கிறீர்களா, ஒரு பங்கு கிடைக்குமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

இரத்தம் தெறிப்பதைப் பார்த்து எனக்கு ஒன்றும் செய்யவில்லை. முதல் நாள் செய்யும் என்று நினைத்திருந்தேன். இந்த ஊரில் என் வயதுக்காரருக்கு வெட்டும் கொத்தும் ரீவியில் வந்து தெரியவேண்டிய விஷயம் இல்லை. அந்தக் கதைக்கு நான் இங்கே போகவில்லை. வெட்டினேன், விழுந்தார்கள், தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

சாதாரண எதிரிகளுக்கு எங்கள் சட்டம் போதுமாக இருந்தது. அவர்கள் மந்தமானவர்கள். வயல்களையும் மூங்கில் காட்டையும் தாண்டிப் பனி மூடிய கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே சிவப்பு முகமூடி போட்ட ஒருவன் இரண்டு வாளோடு நின்றான். அவனிடம் எங்கள் பருப்பு வேகவில்லை. இவர் "வெட்டும்" சொல்லி, நான் "வெட்டுறன்" சொல்லி முடிக்கமுன்னம் எங்கள் ஆள் பனியில் கிடப்பான். நேரே போகாமல் கப்பலின் விலாப் பக்கம் அணைவதுபோலப் பக்கவாட்டில் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்போதும் செத்தோம். நாள் நாளாக அந்த வாசலிலேயே செத்துக்கொண்டிருந்தோம்.

"உங்கட ஓடர் இல்லாமல், என்ர பாட்டில ஒருக்கா அடிச்சுப் பாப்பமே?" என்றேன்.

"ஏலாது."

"அப்ப அவனிட்டக் கேளுங்கோ. அவன் இதை முடிச்சவன்."

கண்ணை மூடிக்கொண்டார்.

கையெழுத்து வைக்கும் நாள் கிட்ட வந்துவிட்டிருந்த ஒரு பின்னேரம் மகன் வீடியோ கோல் எடுத்தான். நான் பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். மாக் கையோடு வந்து போனை எடுக்க, இவர் இடக்கையை நீட்டினார்.

"இஞ்ச தாரும்."

கொடுத்தேன். தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மகன் மெலிந்திருந்தான். நான் குசினி வாசலில் நின்றேன். ஒரு சொல்தான். வா என்றால் போதும். வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

இவர் தொண்டையைச் செருமி, "அந்தச் சிவப்பு முகமூடிக்காரனை எப்பிடி விழுத்திறது?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் போன் முகத்துக்குக் கிட்ட வந்தது. பிறகு மகன், "ஆர் அடிக்கிறது?" என்றான்.

"அம்மா. ஓடர் நான்."

மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம். "அதுதான் பிழை அப்பா. நீங்கள் ஓடர் குடுக்கிற நேரத்துக்குள்ள அவன் அலுவலை முடிச்சுப்போடுவான். அவன் ரெண்டு வாளையும் உயர்த்தேக்க உள்ளுக்குப் போகவேணும். அம்மாவை அவவின்ர பாட்டில அடிக்க விடுங்கோ."

இவர் தலையாட்டினார். அதற்குள் மகனுடைய கண் வேறெங்கோ போயிருந்தது. "அப்பா, வலக்கையை ஒருக்காக் காட்டுங்கோ. அம்மா, போனைச் சாத்தி வையுங்கோ. மணிக்கட்டில பிடிச்சு இழுக்காதேங்கோ. முழங்கைக்குக் கீழ உங்கட கையைக் குடுங்கோ. ஓம், அப்பிடி. இப்ப அப்பா, நீங்களா, மெதுவா. அவசரமில்லை. மூச்சை விட்டுக்கொண்டு தூக்குங்கோ."

அந்தக் குரல் எனக்குப் புதிது. உரத்ததும் இல்லை, கெஞ்சுவதும் இல்லை. அங்கே எத்தனை கிழவர்கள் அந்தக் குரலைக் கேட்டு எழும்புகிறார்களோ தெரியாது. பந்தை எறிந்த மனுசன் மூச்சை விட்டார். கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியது, நடுங்கியது, திரும்ப விழுந்தது.

"நல்லது. இன்னொருக்கா."

இன்னொரு முறையும் தூக்கினார். நெற்றி வேர்த்திருந்தது. பிறகு போனைப் பார்த்து, "நல்லா வேலை பழகியிருக்கிறாய்," என்றார்.

மகனுடைய வாய் சின்னப் பிள்ளையில் கோணுவதுபோலக் கோணியது.

"நில்லு அங்க," என்றார் இவர். "கையெழுத்தை வை."

"ஓம் அப்பா."

படகில் நல்ல வேலைக்காரனைக் கண்டால் இவர் சொல்லுகிற பெரிய வார்த்தை அதுதான். இந்த ஆளை இடம் மாத்தாதேங்கோ, நிக்கட்டும் என்பார். அதற்கு மேல் புகழத் தெரியாதவர். வேலைக்குப் போன நாளிலிருந்து மகன் காத்திருந்தது அந்தச் சொல்லுக்குத்தான் என்று அவன் முகத்தைப் பார்க்கவே தெரிந்தது. இரண்டு பேருக்கும் மனம் நிறைந்துவிட்டது. என்னை ஒருவரும் கேட்கவில்லை.

போனை வைத்ததும், "வாரும், அவனை ஒரு கை பாப்பம்," என்றார். பாதி முகம் சிரித்தது. போய் உட்கார்ந்தேன். ஆளைப் பனிக்குள்ளால் வாசலுக்கு நடத்தினார். "உம்மட பாட்டில அடியும். ஓடர் இல்லை."

சிவப்பு முகமூடிக்காரன் இரண்டு வாளையும் உயர்த்தினான். என் விரல் பொத்தானில் இருந்தது. அமுக்கவில்லை. எங்கள் ஆள் விழுந்தான். தவறிவிட்டேன் என்று நினைத்துத் திரும்பவும் கொண்டுபோனார். அப்போதும் அமுக்கவில்லை.

"நீர் ஏன் வெட்டேல்ல?"

"எனக்கு அவன் வேணும்," என்றேன். "வா எண்டு சொல்லுவீங்கள் எண்டு குசினி வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். எனக்கு என்ர பிள்ளை இஞ்ச வேணும்."

கத்தித்தான் சொல்லியிருக்கவேண்டும். முற்றத்தில் நின்ற மான் விலகி ஓடியது. உடம்பெல்லாம் கோபமாக இருந்தது. எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எங்கள் ஆள் விழுந்து கிடக்க, அவன்மேல் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கும்தான்," என்றார்.

"அப்ப ஏன்?"

"வா எண்டால் வந்திடுவான்."

பிறகு அழுதார். வாய் ஒரு பக்கம்தான் கோணியது, ஆனால் கண்ணீர் இரண்டு கண்ணாலும் வந்தது. என் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். கோபம் வந்த வழியே போய்விட்டது. எனக்கு அழுகை வரவில்லை. அழ ஏலுமாயிருந்த அந்த மனுசனைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

அடுத்த கிழமை மகன் கையெழுத்து வைத்தான்.